சோஃபாவை நகர்த்துங்கள், ஸ்பீக்கரைப் பிறகு பார்க்கலாம்

சென்னை அடுக்ககங்களில் ஹால் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கட்டியவரே முடிவு செய்துவிடுகிறார். ஒரு சுவரில் டிவி பாயிண்ட். அதற்கு நேரெதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு சோஃபா. நடுவில் பால்கனிக்கும் சமையலறைக்கும் போகிற வழி. இந்த ஹாலுக்குள் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வந்து சேர்கிறது. டிவி யூனிட்டின் இரண்டு ஓரங்களிலும் அதை வைத்துக் கேட்டவர், "பாஸ் கும்முனு இருக்கு, ஆனா குரல் தெளிவா இல்ல" என்கிறார். வயரை மாற்றுகிறார், ஆம்பை மாற்றுகிறார், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு இரண்டு நடை போய்வருகிறார். காசே செலவில்லாமல் மாற்றக்கூடிய ஒன்றை மட்டும் தொடுவதில்லை: அவர் உட்கார்ந்திருக்கும் இடம்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று கேட்பவர்களிடம், "நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள்?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். அதற்குக் காரணம் பிளஸ் டூ இயற்பியலில் படித்த நிலை அலைதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே தாழ்ந்த ஒலி போய்த் திரும்பும்போது, சில அதிர்வெண்களில் போகிற அலையும் வருகிற அலையும் பொருந்தி அங்கேயே நின்றுவிடுகின்றன. எந்த அதிர்வெண் என்று கண்டுபிடிப்பது சுலபம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. அறையின் நீளத்தை மீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கி, அதைக் கொண்டு 350-ஐ வகுத்தால் முதல் நிலை அலை கிடைக்கும். அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எல்லாம் அடுத்தடுத்தவை.

16 அடி நீளம், 10 அடி அகலம், ஒன்பதரை அடி உயரம் உள்ள ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் 36, 72, 108 ஹெர்ட்ஸ். அகலவாக்கில் 57. தரைக்கும் கூரைக்கும் இடையே 60. கடைசி இரண்டையும் கவனியுங்கள். அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. பேஸ் கிட்டாரில் 58 ஹெர்ட்ஸும் 62 ஹெர்ட்ஸும் அடுத்தடுத்த இரண்டு சுரங்கள். அந்த இரண்டும் வரும்போது மட்டும் அறை ஊதிக்கொண்டு வரும், மற்ற சுரங்கள் சாதாரணமாகப் போகும். "பாஸ் ஒரே சுதியில் டொம் டொம்னு இருக்கு" என்ற புகாருக்கு இதுதான் பொருள். ஹாலும் டைனிங்கும் சேர்ந்து 20 அடிக்கு 10 அடி என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். நீளத்தின் இரண்டாவது நிலை அலையும் அதே 57-இல் வந்து உட்காரும். 12-க்கு 12 என்ற சதுர அறையிலும் இதே தொல்லைதான், அங்கே நீளமும் அகலமும் 48-இல் சேர்ந்துகொள்ளும்.

இந்த அலைகள் எல்லாமே சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும். சுவரை ஒட்டிய சோஃபாவில் தலை சாய்த்தால் 36, 72, 108 மூன்றும் முழு பலத்தோடு காதில் விழும். ஸ்பீக்கர் எத்தனை லட்சம் ஆனாலும் இதில் மாற்றமில்லை. தலையைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் கொண்டுவாருங்கள். 16 அடி அறையில் 72 ஹெர்ட்ஸ் 3 டெசிபல் குறையும், 108 ஹெர்ட்ஸ் 8 டெசிபல் குறையும். ஆண்குரலின் அடிப்பகுதியும் மிருதங்கத்தின் தொப்பியும் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) தெளிவது இந்தக் குறைவினால்தான். தலை இரண்டடி தள்ளியிருக்க சோஃபாவை ஒன்றேகால் அடி இழுத்தால் போதும், மீதியை அதன் முதுகுத் திண்டே எடுத்துக்கொள்ளும்.

அதற்காக ஹாலின் நட்டநடுவில் உட்காரவும் கூடாது. சரிபாதியில் முதல் நிலை அலையும் மூன்றாவதும் பூஜ்ஜியமாகிவிடும், பாஸ் இருக்கிற இடமே தெரியாது. (ஹால் நடுவில் ஊஞ்சல் தொங்கும் வீடுகளில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கேட்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.) அறை நீளத்தில் நூற்றுக்கு 38 பங்கு, அதாவது 16 அடியில் பின்சுவரிலிருந்து ஆறடி என்பது பழகிய ஆரம்பப் புள்ளி. அது சட்டம் இல்லை, தேடத் தொடங்குவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான்.

ஆறடி முன்னால் சோஃபா என்றால் வீட்டில் யார் சம்மதிப்பார்கள்? ஹாலும் டைனிங்கும் ஒட்டியிருக்கும் வீடுகளில் இதற்கு அழகான வழி உண்டு. சோஃபாவின் முதுகு டைனிங் டேபிளைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டால் அதுவே இரண்டு பகுதிகளுக்கும் தடுப்பாகிவிடும், பின்னால் நடைவழியும் கிடைக்கும். இது வாய்க்காத வீட்டில் ஒன்றேகால் அடி இழுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் முடியாது, சுவரோடுதான் ஒட்ட வேண்டும் என்றால், தலைக்குப் பின்னால் சுவரில் நான்கு அங்குலத் தடிமனில் பஞ்சு அல்லது ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) வைத்த பலகை ஒன்று கட்டாயம் வேண்டும். அது பாஸைச் சரிசெய்யாது. ஆனால் காதுக்கு அரை அடி பின்னாலிருந்து திரும்பி வந்து குரலைக் குழப்பும் ஒலியை அடக்கும்.

இடம் பார்க்க டேப்பை எடுக்குமுன் தரையைப் பாருங்கள். கடந்த இருபது ஆண்டுகளில் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல்தான். டைல் இணைப்புக் கோடுகளே கிராஃப் தாளாகிவிடுகின்றன. எந்தக் கோட்டிலிருந்து எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொண்டால் போதும், பழைய இடத்துக்குத் திரும்புவது சுலபம். அந்தக் குறிப்பு இல்லாமல் நான்கைந்து முறை நகர்த்தினால் எது நன்றாக இருந்தது என்பதே மறந்துபோகும்.

நகர்த்துமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் ப்ளஸ், மைனஸ் ஒரே மாதிரி போயிருக்கிறதா? ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் பாஸ் வற்றிப்போகும், நடுவில் கேட்க வேண்டிய குரல் தலைக்குள்ளேயும் சுவரோரத்திலும் அலையும். அந்த நிலையில் எங்கே நகர்த்தினாலும் பயனில்லை. ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் செல்லின் ப்ளஸை வயரின் ப்ளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடவையுங்கள். வூஃபரின் (பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) கோன் வெளியே துள்ள வேண்டும். இரண்டு பெட்டிகளும் ஒரே திசையில் துள்ளினால் சரி. வயர் 1.5 சதுர மி.மீ செம்பு போதும். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்வரும் மின்தடை 0.12 ஓம்கூட வராது. மலிவாகக் கிடைக்கும் சில வயர்கள் அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், அதை வாங்காதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் திறந்த செம்பு முனை சீக்கிரம் கறுத்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை முனையை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்குங்கள், அல்லது பனானா பிளக் போட்டுவிடுங்கள்.

இனி பெட்டிகள். வெளிநாட்டுக் கையேடுகளில் "சுவரிலிருந்து மூன்றடி முன்னால் வையுங்கள்" என்று இருக்கும். பத்தடி அகல ஹாலில் அதைச் செய்தால் நடக்க வழியிருக்காது. நம் ஹாலுக்கு அது சிறந்த இடமும் இல்லை என்பேன். பெட்டியின் முகத்திலிருந்து அதற்குப் பின்னால் உள்ள சுவருக்குப் போய்த் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு எதிர்க்கட்டத்தில் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எந்த அதிர்வெண்ணில் பள்ளம் விழும் என்பதற்கு 350-ஐ முகத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். மூன்றடி என்றால் 96 ஹெர்ட்ஸ். ஒரு மீட்டர் என்றால் 87. ஆண்குரலும் தொப்பியும் வாழும் இடத்திலேயே பள்ளம். அதே பெட்டியைச் சுவருக்கு அருகே தள்ளி முகம் 40 செ.மீ தூரத்தில் இருக்கும்படி வைத்தால் பள்ளம் 219 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அங்கே பெட்டியே ஒலியைக் கொஞ்சம் முன்னோக்கி வீசத் தொடங்குவதால் பின்னால் போகிற ஒலி குறைவு, பள்ளத்தின் ஆழமும் குறைவு. பெட்டிக்குப் பின்னால் ஒரு பஞ்சுப் பலகை மாட்டினால் இன்னும் குறையும்.

சுவருக்கு அருகே வைத்தால் பாஸ் கூடும், அது உண்மை. ஆனால் கூடினதைக் குறைக்கலாம், அழிந்துபோனதை எந்த ஈக்வலைசராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பள்ளத்தில் எத்தனை டெசிபல் ஏற்றினாலும் திரும்பி வரும் அலையும் அதே அளவு ஏறி அதை அழித்துவிடும். ஆம்ப் சூடாவதுதான் மிச்சம். ஆகவே அருகே வைத்து, பாஸ் குமிழை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். பெட்டியின் பின்பக்கம் போர்ட் ஓட்டை (பாஸுக்காகக் காற்று போய்வரும் துளை) இருந்தால் சுவருக்கும் அதற்கும் குறைந்தது 10 செ.மீ இடைவெளி வேண்டும். போர்ட்டில் கூடவே வந்த ஃபோம் அடைப்பானைச் செருகினால் 60 ஹெர்ட்ஸை ஒட்டிய ஊதல் தணியும். அது தொலைந்துபோயிருந்தால் சுருட்டிய பழைய காட்டன் சாக்ஸ் அதே வேலையைச் செய்யும். உள்ளே விழுந்துவிடாமல் பாதி வெளியே இருக்கட்டும்.

மூலையில் மட்டும் வேண்டாம். மூலையில் தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து தாழ்ந்த ஒலியைத் தூக்கிவிடும், எல்லா நிலை அலைகளும் அங்கிருந்துதான் முழுமையாகக் கிளம்பும். வூஃபரின் நடுப்புள்ளியிலிருந்து பின்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் தரைக்கும் உள்ள தூரங்கள் மூன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும். இரண்டு தூரங்கள் சமமானால் இரண்டு பள்ளங்களும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகும். நம் பத்தடி அகல ஹாலில் பின்சுவருக்கு 40 செ.மீ என்றால் பக்கச்சுவருக்கு 53 செ.மீ, அதாவது ஒன்றே முக்கால் அடி விடலாம். அப்போது இரண்டு ட்வீட்டர்களுக்கும் (மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்கள்) இடையே ஆறரை அடி கிடைக்கும்.

பாடப்புத்தகக் கணக்குப்படி இரண்டு பெட்டிகளும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணம், கோணம் 60 டிகிரி. ஆறரை அடி இடைவெளிக்கு அப்படி உட்கார, பெட்டிகளின் வரிசையிலிருந்து ஐந்தரை அடியில் நாற்காலி போட வேண்டும். குடும்பத்தோடு கேட்கும் ஹாலில் அது நடக்காது. எட்டடி தள்ளி உட்கார்ந்தால் கோணம் 44 டிகிரி ஆகும், அதுவும் நன்றாகவே இருக்கும். 40-க்குக் கீழே போனால் எல்லாம் நடுவில் ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய மோனோ ஆகிவிடும். 70-ஐத் தாண்டினால் நடுவில் ஓட்டை விழும். பெட்டி முகம் சுவரிலிருந்து 40 செ.மீ, அங்கிருந்து எட்டடி என்றால் 16 அடி ஹாலில் தலை பின்சுவரிலிருந்து ஆறரை அடியில் வந்து நிற்கிறது. மேலே சொன்ன ஆறடிக்கு மிக அருகே.

கட்டியவர் டிவி பாயிண்டை நீளமான சுவரில் வைத்துத் தொலைத்திருந்தால்? பத்தடி குறுக்கே கேட்பதில் சோஃபா பின்சுவரை ஒட்டித்தான் ஆக வேண்டும். பாட்டுக்கு முதலிடம் என்றால், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு டிவியோடு எல்லாவற்றையும் குறுகிய சுவருக்கு மாற்றுவதுதான் சரி. மாற்றவே முடியாதவர்கள் பெட்டிகளை ஆறடி இடைவெளியில் வைத்து, கேட்கும்போது மட்டும் மோடாவையோ நாற்காலியையோ முன்னால் இழுத்துப் போட்டு ஐந்தடியில் உட்காரலாம். அருகில் கேட்கக் கேட்க அறையின் பங்கு குறையும். இந்த அமைப்பில் பக்கச்சுவர்கள் தூரத்தில் இருப்பது ஒரு லாபம்.

உயரத்துக்கு வருவோம். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். சோஃபாவில் உட்கார்ந்தவர் காது தரையிலிருந்து சுமார் 95 செ.மீ. தரையில் பாய் விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தவருக்கு 75 செ.மீ. உங்கள் வீட்டில் யார் எப்படி உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று பார்த்து அளவெடுங்கள். டிவி யூனிட் வழக்கமாக ஒன்றரை அடி உயரம்தான். அதன் மேல் வைத்த சின்னப் பெட்டியின் ட்வீட்டர் சோஃபாக்காரரின் தோளுக்கும் கீழே இருக்கும். உயர்த்த முடியாவிட்டால் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் ரப்பர் கொடுத்து முகத்தை மேலே சாய்க்கலாம். பெட்டியைப் படுக்கவைப்பது மட்டும் கூடாது. ட்வீட்டரும் வூஃபரும் பக்கவாட்டில் வந்துவிட்டால் தலையை அரை அடி நகர்த்தினாலே இரண்டின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் சேர்ந்து குரல் நிறம் மாறும்.

ஸ்டாண்டுக்குப் பெரிய செலவு தேவையில்லை. 40 x 20 x 20 செ.மீ ஹாலோ பிளாக் ஒன்றைப் படுக்கவைத்து, இன்னொன்றை அதன்மேல் நிறுத்தினால் 60 செ.மீ. மேலே ஒரு கடப்பாக்கல் துண்டு, அதற்கு மேல் நான்கு ரப்பர் வாஷர். பெட்டியின் அடியிலிருந்து 30 செ.மீ உயரத்தில் ட்வீட்டர் இருந்தால் 93-இல் வந்து நிற்கும். இரண்டு பிளாக்குக்கும் இடையே டைல் ஒட்டும் பசை போட்டுக் காயவிடுங்கள். குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் இதைத் தவிர்க்கவே முடியாது. தரையில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு நிறுத்திய ஒரே பிளாக்கும் இரண்டு கடப்பாக்கல் துண்டுகளும் போதும்.

சுவரில் பதித்த கடப்பா அலமாரிக்குள் பெட்டியைத் தள்ளி வைப்பது நம் ஊரில் மிக அதிகமாகக் காணும் தவறு. சுற்றியிருக்கும் வெற்றிடம் தானே ஊதத் தொடங்கும், அலமாரி விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒலி உச்சஸ்தாயியைக் கிழிக்கும். வேறு இடமே இல்லை என்றால் பெட்டியின் முகம் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். சுற்றியுள்ள இடைவெளியைப் பஞ்சாலோ மடித்த போர்வையாலோ நிரப்புங்கள், பின்பக்கப் போர்ட்டை அடைத்துவிடுங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே டிவி இருந்தால் பெட்டிகளின் முகம் டிவித் திரையை விட ஐந்து செ.மீயாவது முன்னால் வரட்டும்.

இதுவரை சொன்னவற்றில் கொஞ்சம் முன்பின் ஆனால் பரவாயில்லை. அடுத்து வருவதில் கறாராக இருக்க வேண்டும். தலையிருக்கும் இடத்திலிருந்து ஒரு நூலை இடது ட்வீட்டர் வரை இழுத்துப் பிடித்து, அதே நூலை வலது பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு செ.மீக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 35 செ.மீ தூரம் என்பது ஒரு மில்லி விநாடி. முதலில் வந்த ஒலி எங்கிருந்து வந்ததோ அங்கேதான் பாடகர் நிற்கிறார் என்று காது முடிவு செய்யும். ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்ததால் அவர் பெயரிலேயே அழைக்கப்படும் விளைவு இது. நம் உதாரண ஹாலில் சோஃபாவின் நடுவிலிருந்து ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் தூர வித்தியாசம் 23 செ.மீ ஆகும், 0.65 மில்லி விநாடி. நடுவில் இருந்த குரல் அநேகமாக முழுதும் இடது பெட்டிக்கு ஓடிவிடும்.

இதைச் சோதிக்கப் பழைய மோனோ பதிவை விட நல்ல கருவி இல்லை. 1960-களின் சினிமாப் பாட்டு ஏதாவது ஒன்றைப் போடுங்கள். இரண்டு பெட்டிகளிலும் ஒரே ஒலி வருவதால் குரலும் வாத்தியங்களும் நடுவில் ஒரே கோட்டில், ஓர் ஆள் அகலத்துக்குள் நிற்க வேண்டும். பரவிக்கிடந்தால் அல்லது ஒரு பக்கம் சாய்ந்தால் தூரமோ, கோணமோ, பக்கச்சுவரோ சரியில்லை. ஸ்டீரியோ பதிவில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பதிவே அப்படியோ என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும்.

பெட்டிகளை உள்நோக்கித் திருப்புவது அடுத்தது. நேராகச் சுவருக்கு இணையாக வைத்துத் தொடங்கி, ஐந்து ஐந்து டிகிரியாகத் திருப்பி மோனோ பாட்டைக் கேளுங்கள். ட்வீட்டர்கள் தலைக்கு ஒன்றிரண்டு அடி பின்னால் சந்திக்கும் கோணத்தில் பெரும்பாலும் குரல் கெட்டிப்படும். டைல் தரையும் வெற்றுச் சுவருமான நம் ஹால்களில் திருப்புவதற்கு இன்னொரு பலன் உண்டு, பக்கச்சுவரில் படும் ட்ரெபிள், அதாவது மேல் ஒலி, குறையும். தனியாகக் கேட்பவருக்கு இது போதும். மூன்று பேர் சோஃபாவில் வரிசையாக உட்காருகிற வீட்டில் இன்னும் அதிகமாகத் திருப்பி, இரண்டு பெட்டிகளின் பார்வையும் சோஃபாவுக்கு ஓரடி முன்னாலேயே குறுக்கிடும்படி வையுங்கள். இடது ஓரத்தில் இருப்பவர் இடது பெட்டிக்கு அருகில் இருந்தாலும் அதன் பார்வைக்கு விலகி இருப்பார். தூரத்தில் உள்ள வலது பெட்டி அவரை நேராகப் பார்க்கும். நேரத்தில் தோற்றதை அளவில் ஓரளவு ஈடுகட்டும் இந்தத் தந்திரம் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே அளவுக்குப் பலிக்காது. ஆனால் ஐந்து நிமிட வேலை, செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பால்கனிக் கதவு அல்லது டைனிங்குக்குத் திறந்த இடம் என்ற எல் வடிவ ஹாலில், சுவர்ப்பக்கப் பெட்டியில் பாஸ் அதிகம் கேட்கும், குரல் அந்தப் பக்கம் சாயும். ஆம்பில் பேலன்ஸ் குமிழ் இருந்தால் வெட்கப்படாமல் திருகுங்கள். அதற்குத்தான் அது இருக்கிறது.

அறையின் எதிரொலிப்பு தனிக் கதை. ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895-ஐ ஒட்டி, பேச்சே புரியாத ஒரு விரிவுரை அரங்கில் பக்கத்து அரங்கின் இருக்கைத் திண்டுகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட கணக்குதான் இன்றும். அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். நம் ஹால் 43 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 76 சதுர மீட்டர். பூச்சும் டைலும் நூற்றில் மூன்று பங்கு உறிஞ்சுவதாக வைத்தால், சாமான் எதுவும் இல்லாத ஹாலில் ஒலி அடங்க மூன்று நொடி ஆகும். பாட்டுக் கேட்க அரை நொடி போதும். அதற்கு 14 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு வேண்டும். சோஃபா, திரை, மெத்தை, புத்தக அலமாரி, உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி.

நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். "ட்ர்ர்ர்" என்று உலோகச் சத்தம் தொடர்ந்தால் எதிரெதிர் வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. எந்தச் சுவரை மூட வேண்டும் என்பதற்குக் கண்ணாடிச் சோதனை. நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள், இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச்சுவரோடு ஒட்டி ட்வீட்டர் உயரத்தில் நகர்த்தட்டும். கண்ணாடியில் எங்கே ட்வீட்டர் தெரிகிறதோ அங்கேதான் முதல் எதிரொலிப்பு. அந்த இரண்டு இடங்களிலும், பெட்டிகளுக்கு முன்னால் தரையிலும் வேலை செய்தால் முக்கால் பலன் கிடைத்துவிடும்.

எதைப் போடுவது? ஜமக்காளமும் கோரைப்பாயும் மெல்லியவை, கீச்சென்ற மேல்பகுதியை மட்டும் கொஞ்சம் குடிக்கும். தரைக்கு ஜமக்காளத்தின் கீழே ஒரு பருத்தி மெத்தை விரிப்பு இருந்தால் நல்லது. சுவருக்கு இரண்டு அங்குல ராக்வூல் தகட்டை இரண்டடிக்கு நான்கடி மரச்சட்டத்தில் வைத்துக் காடாத் துணியால் மூடி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு மாட்டுங்கள். அந்த இடைவெளி உறிஞ்சலைக் கீழ்ப்பகுதி வரை இறக்கும், மழைக்காலத்தில் சுவர் ஓதம் பலகைக்கு ஏறாமலும் தடுக்கும். ராக்வூலை வெட்டும்போது முகமூடியும் கையுறையும் வேண்டும். ஜன்னலுக்குத் திரை போட்டால் ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி, மடிப்பு மடிப்பாக. இழுத்துக் கட்டிய திரை உதவாது. முட்டை அட்டையும் தெர்மோகோலும் ஒட்டுவது வீண் வேலை. அட்டை ட்ரெபிளின் ஒரு துண்டை மட்டும் தொடும், தெர்மோகோல் அதையும் செய்யாது, இரண்டும் தீப்பிடிக்கும். எல்லாச் சுவரையும் மூடிவிடவும் வேண்டாம். மெல்லிய பொருளை நிறையப் போட்டால் மேல்பகுதி செத்து, பாஸ் மட்டும் அப்படியே நிற்கும் அறை உண்டாகும். அது முன்பிருந்ததைவிட மோசம்.

ஏசி போட்டால் ஒலி மாறுமா என்று கேட்பார்கள். 33 டிகிரியிலிருந்து 25-க்கு இறங்கினால் ஒலியின் வேகம் நூற்றுக்கு ஒன்றரை பங்குகூட மாறாது. காதுக்குத் தெரியாது. ஃபேன் சத்தம்தான் தெரியும். தம்புராவின் நாதம் தேய்ந்து அடங்கும் கடைசிப் பகுதியை ஐந்தாம் நம்பரில் சுழலும் ஃபேன் விழுங்கிவிடும். இரண்டாம் நம்பரில் வைத்துக் கேட்டுப்பாருங்கள்.

பாஸுக்கு மட்டும் தனிப் பெட்டியான சப்வூஃபர் இருந்தால் அதன் இடத்தைக் கண்டுபிடிக்க வேடிக்கையான வழி ஒன்று உண்டு. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில், சோஃபா மேலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வைக்கலாம். ஒலி போகும் வழியில் இரு முனைகளையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு ஒன்றுதான் என்பதால் இது பலிக்கிறது. கிராஸ்ஓவர், அதாவது ஒலி சப்புக்கும் மற்றப் பெட்டிகளுக்கும் பிரியும் எல்லை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அதற்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கத் திணறும். ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் வைத்துக் கேட்டு, உட்காரும் இடத்தில் 80-ஐ ஒட்டிய பாஸ் எதில் நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவுக்கு ஐந்து பெட்டி வைப்பவர்கள் பின்பெட்டிகளைப் பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னால், முன்திசையிலிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சோஃபா சுவரை ஒட்டியிருந்தால் அதற்கு இடமே இருக்காது. மறுபடியும் சோஃபாதான்.

கீழ்வீட்டார் புகார் சொன்னால் சப்புக்கு அடியில் ரப்பர் போடுவது பாதி மருந்து. கான்கிரீட் தளம் நேராக அதிர்வதை அது குறைக்கும், காற்றின் வழியே தளத்தையும் நான்கரை அங்குலச் சுவரையும் தாண்டும் 40 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. பொதுச்சுவரிலிருந்து சப்பை விலக்கி, சோஃபாவின் பக்கத்திலேயே ஓரடியில் வைத்து அளவைக் குறையுங்கள். தூரம் பாதியானால் நேரொலி ஆறு டெசிபல் கூடும். உங்களுக்கு அதே பாஸ், அடுத்த வீட்டுக்குக் குறைந்த பாஸ்.

இவ்வளவுக்குப் பிறகும் எங்கோ "ஜிர்ர்" என்று இரைந்தால் பெட்டியைச் சந்தேகிக்குமுன் வீட்டைத் தேடுங்கள். போனில் இலவச டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, தாழ்ந்த ஒலியளவில் 30-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். பீரோ கதவு, ஜன்னல் கிரில், ஷோகேஸ் கண்ணாடி, பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் தத்தம் சுதியில் பேசும். கண்ணாடிக்கு ஃபெல்ட் துண்டு, பாத்திரங்களுக்கு நடுவே செய்தித்தாள். இன்னும் நுணுக்கமாகப் போக விரும்புகிறவர்கள் அளவெடுக்கும் மைக் ஒன்று வாங்கி, ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் 20 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை வரைபடம் எடுத்துப் பார்க்கலாம். போனில் இருக்கும் மைக் பாஸைச் சரியாக எடுக்காது. மேட்டை மட்டும் ஈக்வலைசரில் வெட்டுங்கள், பள்ளத்துக்கு இன்னும் பத்து செ.மீ நகர்த்திப் பாருங்கள்.

இடம் முடிவானதும் பெட்டிகளின் பின்மூலைகளையும் சோஃபாவின் கால்களையும் டைலில் மாஸ்கிங் டேப்பால் குறித்துவிடுங்கள். வீடு துடைக்கும்போது எல்லாம் நகரும், நகர்ந்தது யாருக்கும் தெரியாது. ஒருநாள் திடீரென்று குரல் கூர்மையாகக் குத்தினால் டேப்பைப் பாருங்கள். பெட்டி அதன் இடத்திலேயே இருந்தால், திரைச்சீலை துவைக்கப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அது காய்ந்து திரும்பும்வரை எதையும் நகர்த்த வேண்டாம்.